துள்ளித் திரியும் உயிருக்குத் துயர் நேருங்கால்

(அகிம்சாணுவிரதம் பற்றிய ஒரு பாடம்)

ஜீவதயையே ஜினதர்மத்தின் வேர் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆலயத்தில் அறவுரை கேட்கும்போதும், சாமாயிகத்தில் அமரும்போதும் எல்லா உயிர்களிடத்தும் நட்புப் பூணவேண்டும் என்று எண்ணுகிறோம். அவ்வெண்ணம் நம்முள் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை அமைதியான பொழுதுகள் காட்டுவதில்லை. நம் இல்லத்தில் வாழும் ஓர் உயிர் திடீரென அலறி வீழும் அந்த ஒரு கணமே காட்டுகிறது.

இன்று சிராவக இல்லங்கள் பலவற்றில் நாய்கள் வளர்கின்றன. பிற உயிரைக் கொன்று தின்னும் இயல்புடைய விலங்கை இல்லறத்தார் வளர்த்தல் தகுமா என்று வினவும் பெரியோர்களும் நம்மிடையே உளர். அவ்வினா தனியே ஆராய்தற்குரியது. எனினும், ஓர் உயிரை வாயிலுக்குள் ஏற்றுக்கொண்ட பின்னர் அதன் நலத்திற்கும் நோவிற்கும் நாமே பொறுப்பாகிறோம் என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. நாய் ஐம்பொறிகளோடு மனமும் உடைய உயிர். அது அச்சத்தை அறியும். நோவையும் அன்பையும் நினைவில் வைத்திருக்கும். ஆதலின் அதற்கு எதிர்பாராமற் காயம் நேருங்கால் செய்ய வேண்டுவனவற்றையும் செய்யத் தகாதனவற்றையும், மருத்துவர் கூறும் முறையோடும் நம் ஆசாரியர்கள் வகுத்த நெறியோடும் ஒருங்கு வைத்து இப்பாடத்திற் காண்போம்.

நமக்கு நேர்ந்த பிழை

இப்பாடத்தை எழுதுவதற்கு நாமே செய்த பிழையொன்று காரணமாயிற்று. நம் இல்லத்தில் இரு நாய்கள் உள்ளன. மூத்தது அமைதியானது. இளையது அப்போதுதான் ஓராண்டு நிரம்பியது, ஓரிடத்தில் நில்லாதது. ஒரு நாள் பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு மொட்டை மாடிக்குச் சென்றோம். மாடி சற்று முன்னர்தான் கழுவிவிடப்பட்டிருந்தது. ஓடுகளில் ஈரம் உலரவில்லை. அதனைப் பொருட்படுத்தாமற் பந்தை எறிந்தோம். இரண்டும் ஒருசேரப் பாய்ந்தன. சுவரோரம் திரும்புகையில் இளையது சறுக்கி மோதிச் செவி நடுங்க அலறிற்று. பின்னங்கால் ஒன்றைத் தூக்கியவாறு சுழன்றது. தரையெங்கும் குருதித் துளிகள் சிதறின.

ஓடினோம்; கூச்சலிட்டோம். கால் முறிந்ததோ என்னும் பதைப்பில் அக்காலைப் பற்றி இழுத்துப் பார்த்தோம். அந்நொடியே அது நம் கையைக் கடித்தது. அடுத்த நொடியில் நாம் செய்தது யாது? நோவால் துடித்துக்கொண்டிருந்த அவ்வுயிரின் முகத்தில் ஓங்கி அறைந்தோம்.

மருத்துவர் பார்த்தபோது எலும்பு முறிவு எதுவும் இல்லை. நகம் ஒன்று வேரருகே பிளந்திருந்தது. நகம் பிளந்தால் குருதி மிகுதியாகக் கசியும், நோவும் கடுமையாக இருக்கும், உயிருக்கு இடரில்லை. தொங்கிய நகத்தை அவர் அகற்றிக் கட்டுப் போட்டார். சில நாள்களிற் புண் ஆறிற்று. கடிக்கு உரிய ஊசிகளை நாமும் போட்டுக்கொண்டோம். ஆனால், அலமாரியில் இருந்து ஒரு நூலை எடுக்க நம் கை உயர்ந்தாலும், அந்நாய் தலையைத் தாழ்த்திக் கண்களை மூடிக்கொண்டது. பல வாரங்கள் அவ்வச்சம் நீங்கவில்லை. நகத்தின் காயம் ஈரத் தரையால் வந்தது. இக்காயம் நம் கையால் வந்தது.

பிரமாதமும் ஹிம்சையும்

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்து, பிராணன்களுக்கு ஊறு செய்தல் என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் அவ்வூறு நிகழ்வதே ஹிம்சை என்றார். பிரமாதம் என்பது விழிப்பின்மை. கவனக் குறைவும், கஷாயங்களின் வயப்படுதலும் அதனுள் அடங்கும்.

நம் இல்லத்து நிகழ்ச்சியிற் பிரமாதம் இருமுறை தலைகாட்டிற்று. ஈரத் தரையிற் பந்தெறிந்தது முதலாவது. கடியுண்டவுடன் குரோதத்தாற் கையோங்கியது இரண்டாவது. இவ்விரண்டிற்கும் நடுவே நாம் பட்ட பதைப்பை அன்பு என்றே கருதியிருந்தோம். பின்னர் ஆராய்ந்தபோது, அப்பதைப்பில் நாயின் நோவைக் காட்டிலும் நம் அச்சமே மிகுந்திருந்தமை விளங்கிற்று. ஆதலினாலேயே அது ஒரு நொடியிற் சினமாக மாறிற்று.

திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணியில், உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிர் போகும் நிலையிற் கிடக்கும் நாயொன்றைச் சீவகன் காண்கின்றான். அதனருகிற் சென்று அதன் செவியிற் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகின்றான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனுக்கே உயிர்காக்கும் துணையாகின்றது. இளமை முதல் இவ்வரலாற்றைக் கேட்டு வருகின்ற நாம் மந்திரத்தின் பெருமையை மட்டுமே எடுத்துரைக்கிறோம். சீவகனின் மனநிலையையும் நோக்க வேண்டும். மந்திரம் செவியில் ஏறவேண்டுமாயின் சொல்பவனின் குரல் நடுங்கலாகாது. பிழைக்க வழியற்ற உயிருக்கு அவன் அமைதியை அளித்தான். பிழைக்க வழியுள்ள உயிருக்கு அமைதியோடு மருத்துவத்தையும் சேர்த்து அளித்தல் நம் கடன். மந்திரம் ஓதிவிட்டோம் என்று மருத்துவரிடம் செல்லாதிருத்தல் சீவகன் காட்டிய வழியாகாது.

முதல் ஐந்து நிமிடங்கள்

நாய் அலறியவுடன், பஞ்ச நமஸ்காரத்தை மனத்துள் ஒருமுறை ஓதி முடிக்கும் அளவு நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இது காலத்தை வீணாக்குதல் அன்று. அந்நேரத்தில் நம் மூச்சு சீராகும். நாய் தானே எழுகிறதா, எக்காலை ஊன்றாமல் இருக்கிறது, எவ்வாறு மூச்சு விடுகிறது என்பவற்றைக் கண்கள் காணும். நம் கூச்சலைக் கேட்டு மேலும் மிரண்டு ஓடும் நாய், சிறு காயத்தைப் பெருங் காயமாக்கிக்கொள்ளும்.

இரண்டு நாய்கள் இருப்பின், நலமாக உள்ளதை முதலில் வேறிடத்தில் அடைக்க வேண்டும். விளையாட்டு முடியவில்லை என்றெண்ணி அது காயமுற்றதன் மேற் பாயும். நோவுற்ற நாய் தன் தோழனையே கடித்துவிடும்.

பின்னர் நேர் எதிரே செல்லாமல் பக்கவாட்டிற் சென்று, தாழ அமர்ந்து, பழகிய சொற்களால் மெல்ல அழைக்க வேண்டும். எத்துணை அன்பான நாயும் நோவிற் கடிக்கும். அது குற்றமன்று, நோவின் மொழி. தூக்குவதற்கோ தொடுவதற்கோ முன்னர், மென்மையான துணிப் பட்டையை வாயைச் சுற்றித் தளர்வாகக் கட்டிப் பிடரியில் முடிதல் நன்று. ஆனால் மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தியெடுக்கும் நாய்க்கும், முகம் குறுகிய இன நாய்க்கும் வாயைக் கட்டலாகாது.

அடுத்து மூன்றனை நோக்குக: மூச்சு, ஈறு, குருதி. ஓய்ந்திருக்கும் நாய் நிமிடத்திற்கு ஏறக்குறைய 10 முதல் 30 முறை மூச்சுவிடும். ஓடி விளையாடிய நாய்க்கு இளைப்பு இருக்கும். சற்று நேரத்தில் அது தணிய வேண்டும். உதட்டை மெல்லத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருத்தல் வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிகளுக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு இயல்பிலேயே கறுத்திருக்கும் நாய்க்குக் கீழிமையின் உட்புறத்தைக் காணலாம். குருதி வழியுமிடத்தில் தூய துணியை வைத்து 5 நிமிடங்கள் விடாது அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றதா என்று இடையிடையே துணியை எடுத்துப் பார்த்தால் உறைந்துவரும் குருதி மீண்டும் கசியும். காப்பித் தூள், சுண்ணாம்பு முதலியவற்றைப் புண்ணில் அப்புதல் தவறு. அவை புண்ணை மாசுபடுத்தும். மருத்துவரின் பணியையும் கடினமாக்கும்.

நொண்டுகின்ற நாயாயின், விரலிடுக்கிலும் உள்ளங்காற் சதையிலும் நெருஞ்சி முள், கண்ணாடிச் சில்லு, பிளந்த நகம் ஆகியவை உளவா என்று முதலில் நோக்குக. நலமான கால்களை முதலிலும் நோவுள்ள காலை இறுதியிலும் தொட வேண்டும். நோவைக் காட்டியவுடன் நிறுத்திவிட வேண்டும். காலை இழுத்து நீட்டுதலும், மூட்டைத் திருகிப் பார்த்தலும், நாமே குச்சி வைத்து இறுகக் கட்டுதலும் கூடா. வீக்கம் மட்டும் இருப்பின், பனிக்கட்டியைத் துணியிற் சுற்றி 10 நிமிடங்கள் ஒற்றலாம். நாய் எழ இயலாமற் கிடந்தால் பலகையிலோ, இருவர் பிடித்த தடித்த சமுக்காளத்திலோ முதுகு வளையாதவாறு கிடத்தித் தூக்கிச் செல்ல வேண்டும்.

கடியுண்டவர் தம் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவரை நாட வேண்டும். நம் வீட்டு நாய்தானே என்று வாளாவிருத்தல் ஆகாது.

தாமதிக்கலாகாத குறிகள்

காலை ஊன்றி இலேசாக நொண்டும் நாயை ஓய்வில் வைத்து ஒரு நாள் நோக்கலாம். மறுநாளும் நொண்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காலைச் சிறிதும் ஊன்றாத நாயை அன்றே காட்ட வேண்டும்.

ஈறு வெளுத்தல் அல்லது நீலம் பூத்தல், மூச்சுத் திணறல், அழுத்தியும் நில்லாத குருதி, கால் கோணலாகத் தொங்குதல், பின்னங்கால்களை இழுத்துச் செல்லுதல், மயக்கம், கண்ணிற் காயம், வயிறு உப்பி வாந்தி வராமலே ஓங்கரித்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் ஒரு கணமும் தாழ்த்தலாகாது. வண்டியில் அடிபட்ட நாயும், மாடியிலிருந்து வீழ்ந்த நாயும் எழுந்து ஓடினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அச்சத்தின் வேகத்தில் நோவு மறைந்திருக்கும். உள்ளே குருதி கசிந்துகொண்டிருத்தலும் கூடும்.

இரவில் எங்குச் செல்வது என்பதை இரவில் தேடுதல் அறிவுடைமை அன்று. சென்னையில் உள்ளோர்க்கு, 1903ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் உள்ளது. நாமக்கல்லிலும் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. சிற்றூர்களில் வாழ்வோர், அண்மையிலுள்ள கால்நடை மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தையும், அவசரத்தில் வரக்கூடிய மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தல் வேண்டும்.

கருணையின் பெயரால் வரும் கேடு

நோவைக் காணப் பொறாமல், வீட்டிலுள்ள நோவு மாத்திரையைப் பாலிற் கரைத்துக் கொடுப்பார் பலர். மனிதருக்குரிய பாரசிட்டமால், ஐபுபுரூபன், டைக்ளோபினாக் முதலியவற்றை மருத்துவர் சொல்லாமல் நாய்க்குக் கொடுத்தலாகாது. ஐபுபுரூபனும் டைக்ளோபினாக்கும் இரைப்பையிற் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைச் சிதைக்கும். பாரசிட்டமால் மிகுந்தால் ஈரலைக் கெடுக்கும். அறியாது கொடுக்கும் மருந்து எத்துணைக் கேடு பயக்கும் என்பதற்கு நம் நாட்டுக் கழுகுகளே சான்று. மாடுகளின் நோவு தீரக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக், இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதனை உண்ட பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டங் கூட்டமாக மாய்த்தது. அதன் பின்னரே 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கான அம்மருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. கருணையோடு அறிவும் உடன் செல்லாவிடின் அக்கருணையே ஊறாகும்.

ஐந்து அதிசாரங்களும் நம் கடமையும்

அகிம்சாணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை ஆசாரியர்கள் கூறியுள்ளனர். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. தமிழில் அருங்கலச்செப்பும் இவற்றை எண்ணிக் கூறுகிறது. மாடும் குதிரையும் வைத்திருந்த இல்லறத்தாருக்குச் சொல்லப்பட்டனபோல் தோன்றினும், காயமுற்ற நாயின் படுக்கையருகே இவ்வைந்தும் ஒருங்கே வந்து நிற்கின்றன.

கட்டுதல்: தசைநாரோ எலும்போ ஊறுபட்ட நாயை நாள் கணக்கிலும், சில வேளை வாரக் கணக்கிலும் ஓடவிடாமல் வைக்குமாறு மருத்துவர் கூறுவார். துள்ளித் திரிந்த உயிர் அடைபட்டு முனகும்போது, வீட்டுப் பெரியவர் மனம் இளகி அவிழ்த்துவிடுவார். ஒரே பாய்ச்சலில் ஆறிவந்த காயம் மீண்டும் பிளக்கும். இங்குக் கட்டுதல் குற்றமாகுமா? அதன் நலன் கருதிக் கட்டுதல் வேறு. நம் வசதி கருதிக் கட்டுதல் வேறு. நிழல், நீர், மெத்தென்ற விரிப்பு, திரும்பிப் படுக்கும் இடம், வேளைதோறும் கயிற்றிற் பிடித்து வெளியே அழைத்துச் செல்லல், அருகே ஒருவரின் துணை ஆகிய இவை இருப்பின் அது மருத்துவம். இவை இல்லாமல் நாள் முழுதும் தூணிற் கட்டி வைத்தல், நோயில்லாத நாய்க்கும் அதிசாரமே.

அடித்தல்: இதற்கு விளக்கம் வேண்டா. நம் கை அறியும்.

உறுப்பைச் சிதைத்தல்: அழகுக்காகக் காதையும் வாலையும் வெட்டுதல் இதன்பாற்படும். காயம் ஆறும்பொருட்டு மருத்துவர் கீறுதல் இதன்பாற்படாது. பூஜ்யபாத ஆசாரியர் சர்வார்த்தசித்தி உரையில், ஒரு முனிவரின் கட்டியைக் கருணையோடு கீறும் மருத்துவரை எடுத்துக்காட்டி, புறத்தே நோவுக்குக் காரணமாயினும் அவருக்குப் பாவபந்தம் இல்லை என்று தெளிவுறுத்தியுள்ளார். ஆதலின் அறுவை மருத்துவம் வேண்டும் என்று மருத்துவர் கூறுங்கால், அகிம்சையின் பெயரால் அதனை மறுத்தல் பொருந்தாது.

மிகைச் சுமை: நாயின் முதுகில் நாம் மூட்டை ஏற்றுவதில்லை. ஆனால் நம்மை மகிழ்விக்க அது களைப்பை மறந்து ஓடிக்கொண்டே இருக்கும். பந்தை நாம் எறியும்வரை அது நிறுத்தாது. நிறுத்த வேண்டியவர் நாமே. பேரின நாய்களுக்கு ஓராண்டு கடந்த பின்னரும் எலும்பின் வளர்ச்சி முற்றுப்பெறாமல் இருப்பதுண்டு. அவற்றை உயரத்திலிருந்து குதிக்கவிடுதலும், உடல் பருத்த நாயைத் தாவச் செய்தலும், சித்திரை வெயிலில் ஓட்டுதலும் மூட்டை ஏற்றுதற்கு ஒப்பானவை.

உணவைத் தடுத்தல்: மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னர் உணவு கொடுக்க வேண்டா என்று மருத்துவர் கூறுவார். இரக்கத்தால் ஒரு பிடி சோறு ஊட்டினால், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுள் இறங்கி உயிருக்கே இடர் விளையும். ஆதலால் பெருங்காயமுற்ற நாய்க்கு மருத்துவர் பார்க்கும்வரை உணவு கொடாதிருத்தல் நன்று. இதன் மறுதலையையும் நினைவிற் கொள்க. அட்டமி, சதுர்த்தசி நாள்களில் நாம் உபவாசம் இருந்து அடுப்பேற்றாவிடினும், நாயின் வேளை உணவு தவறலாகாது. விரதம் நம்முடையது; அதனுடையது அன்று.

வருமுன் காத்தல்

வழுக்கும் தரையில் ஓடவிடற்க. விளையாடும் இடத்தில் சாக்கு அல்லது பாய் விரித்து வைக்க. மாடியின் கைப்பிடிச் சுவர் அது தாவ இயலாத உயரத்தில் இருத்தல் வேண்டும். குச்சியை எறிந்து எடுத்துவரச் செய்யற்க. ஓடும் வேகத்தில் குச்சி நிலத்தில் ஊன்றி நாயின் வாயையும் தொண்டையையும் குத்துவதுண்டு. நகங்களை அளவாக நறுக்கிவருக. நாள்தோறும் பாதம், காது, வாய் ஆகியவற்றைத் தடவிப் பழக்குக. அவ்வாறு பழகிய நாய், நோவுற்ற நாளிலும் நம் கையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

நிறைவாக

பிழையை உணர்ந்து வருந்துதலோடு பிரதிக்கிரமணம் நிறைவுறாது. அப்பிழையிலிருந்து மீள்வதே அதன் பொருள். நம் பிழைக்கு மருந்து கால்நடை மருத்துவரிடம் இல்லை. ஆகவே நாள்தோறும் மாலையில் உணவைக் கையில் ஏந்தித் தரையில் அமர்ந்தோம். நாயை அழைக்கவில்லை, அதுவாக வரும்வரை காத்திருந்தோம். முதலில் கையைத் தாழ நீட்டினோம். வாரங்கள் சென்றபின் சிறிது சிறிதாக உயர்த்தினோம். ஒரு நாள் கை தோளளவு உயர்ந்தபோதும் அது கண்களை மூடாமல் நம்மையே நோக்கி நின்றது. ஒரு நொடியில் ஓங்கிய கைக்கு அந்நம்பிக்கையை மீட்க நான்கு திங்கள் ஆயின.

அன்பர்களே, ஊறு நேருங்கால் முதலில் அடக்க வேண்டுவது நாயை அன்று, நம் மனத்தை. அது அடங்கினால் கைகள் செய்ய வேண்டுவனவற்றைத் தாமே செய்யும்.

சிந்தனைக்கு:

1. ஈரத் தரையிற் பந்தெறிந்தது எவ்வாறு பிரமாதம் ஆகும்?

2. நோயுற்ற நாயைக் கட்டுதலும் நோயற்ற நாயைக் கட்டுதலும் எதனால் வேறுபடுகின்றன?

3. நம் இல்லத்தில் வாழும் உயிர், நம் கை உயருங்கால் எவ்வாறு நோக்குகிறது?

ஜினதர்மம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!